சாறும் சக்கையும்

அந்த வீட்டில் ஸ்டூ கொதிக்கிற நாளில் அப்பாவுக்கு வாய் ஓயாது. அடுப்பின் மேல் பெரிய அலுமினியச் சட்டி மூடியைத் தட்டித் தட்டி எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். உள்ளே எலும்போடு வெட்டிய இறைச்சி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, ஒரு பிடி மிளகு. அப்பா வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். நகக்கண்ணில் நீலம் போகவே போகாது. அந்த நீல விரலால் சட்டியைக் காட்டி, ஏதோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர்போல ஆரம்பிப்பார்.

“இவ்வளவு நேரம் கொதிக்குதுல்ல? கறியில இருக்கற சத்து மொத்தமும் சாறுல இறங்கிடும். மிச்சம் நிக்கறது வெறும் சக்கை. கரும்பைப் பிழிஞ்சா நிக்கும் பாரு, அந்த மாதிரி.”

“சரி” என்பாள் அம்மா.

“சக்கை எங்களுக்குப் போதும். ஆம்பளைங்க எதையும் மென்னு முழுங்கிடுவோம். சத்து உங்க ரெண்டு பேருக்கு.”

“சரி.”

சொன்னபடியே நடக்கும். அம்மா கரண்டியை அடிவரை விட்டு, இறைச்சித் துண்டுகளைத் தேடித் தேடி எடுத்து அப்பாவின் கிண்ணத்திலும் அண்ணனின் கிண்ணத்திலும் குவிப்பாள். பிறகு கரண்டியை மேலாக ஓட்டி, கொழுப்பு பளபளவென்று மிதக்கும் சாற்றை மகளுக்கும் தனக்கும் ஊற்றுவாள். கூட ஆளுக்கு இரண்டு உருளைக்கிழங்கு. ரொட்டியைப் பிய்த்து நனைத்துச் சாப்பிட்டால் ருசி பிரமாதமாகத்தான் இருக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்ட கை காய்வதற்குள் நான்கு பேருக்கும் கெட்டியாக டீ வந்துவிடும்.

பொண்டாட்டிக்கும் பெண்ணுக்கும் சத்தைக் கொடுத்துவிட்டுத் தான் சக்கையைத் தின்கிறவன் என்று அப்பா பெயிண்ட் ஷெட்டில்கூடச் சொல்லிக்கொள்வார். மனதாரச் சொல்வார். அப்போது அவர் மார்பு ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருக்கும்.

மகளை எல்லோரும் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தது லாரி ஓட்டுகிற அண்ணன். சின்ன வயதிலிருந்தே கண்ணில் பட்ட கம்பியிலும் குழாயிலும் தொற்றி ஏறிவிடுவாள். அதோடு, வெளிச்சத்துக்கு முன்னால் நின்றால் மறுபக்கம் தெரியுமோ என்று சந்தேகப்படுகிற அளவுக்கு வெளுத்த உடம்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை மெஷினிலிருந்து இழுத்துப் போடுவது அவள் வேலை. மதியத்துக்கு மேல் மூச்சு வாங்கும், காதுக்குள் யாரோ விசில் அடிப்பார்கள். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் அப்படித்தானே. தரையிலிருந்து எழுந்தால் அம்மா உடனே நடக்க மாட்டாள். சமையலறை வாசல் சுவரில் உள்ளங்கையை ஊன்றி, தலைசுற்றல் அடங்கும்வரை நிற்பாள். அந்த இடத்தில் சுவர் கறுத்து, ஒரு கை அச்சு விழுந்திருந்தது. அது கண்ணை உறுத்தும்போதெல்லாம் அப்பா மிச்சப்பட்ட ரயில் நீலத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தை மட்டும் பூசிவிடுவார். கொஞ்ச நாளில் கை திரும்ப வந்துவிடும். அப்பாவும் திரும்பப் பூசுவார்.

சலவைக்கூடத்துக்கு எதிரில் தீயணைப்பு நிலையம். மணி அடித்தால் ஆட்கள் கம்பத்தில் சறுக்கி இறங்குவதையும், சிவப்பு வண்டி தெருவையே இரண்டாகக் கிழித்துக்கொண்டு போவதையும் ஆவி படிந்த ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பது பல்லிக்கு வழக்கம். பெண்களையும் எடுக்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றைக்கு, அவள் இழுத்த போர்வை பாதியிலேயே கையை விட்டு நழுவியது.

தேர்வில் கயிறு ஏறச் சொன்னார்கள். உச்சியில் கட்டியிருந்த மணியை அடித்துவிட்டுக் கீழே பார்த்தாள். கூட ஏறியவர்கள் பாதிக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஏணியிலும் அவள்தான் முதல். கடைசியாகத் தண்ணீர்க் குழாய்ச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பாதி வரைக்கும் நன்றாகத்தான் ஓடினாள். அதற்குப் பிறகு மைதானம் முழுக்கக் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. கண் திறந்தபோது குழாய்ச் சுருளின் மேலேயே தலைவைத்துப் படுத்திருந்தாள்.

நிலைய அதிகாரி குனிந்து பார்த்தார். “ஏறும்போது குரங்கு மாதிரி ஏறினே. ஓடும்போது என்ன ஆச்சு?”

“தெரியல சார்.”

“டாக்டரைப் பாரு. முகத்துல ரத்தமே இல்ல. சரி பண்ணிக்கிட்டு வா. மழைக்காலம் முடிஞ்சதும் இன்னொரு தடவை பார்ப்போம். அதோட சரி. அப்பவும் விழுந்தா வேற ஆளை எடுத்துடுவேன்.”

நிலையத்துக்கென்று இருந்த டாக்டரம்மா விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். “ரத்த அளவு பன்னெண்டு இருக்கணும். உனக்கு ஒன்பதுகூட இல்ல. இதை வெச்சுக்கிட்டுக் கயிறு ஏறினதே பெரிசு. கறி சாப்பிடுவியா?”

“வாரத்துல மூணு நாள் எங்க வீட்ல ஸ்டூதான் டாக்டர்” என்றாள் பல்லி. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. வாரம் மூன்று நாள் இறைச்சி சாப்பிடுகிற பெண்ணுக்கு ரத்தம் எங்கே போகிறது? வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று கேட்டார். எதுவும் அகப்படவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

அடுத்த மாதம் ரத்தம் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. வெளியே மழை ஆரம்பித்துவிட்டிருந்தது. டாக்டரம்மா பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

“மாத்திரை போட்டியா?”

“ஒருநாள்கூட விடல. சாப்பிட்டதும் டீயோட போட்டுடுவேன்.”

“டீயோடவா? நல்லா இருக்கு போ. டீ இரும்பை உள்ள விடாது. டீயை ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடி. சரி, நேத்து என்ன சாப்பிட்டே? கிண்ணத்துல இருந்ததை அப்படியே சொல்லு.”

“ஸ்டூவும் ரொட்டியும்.”

“எத்தனை துண்டு கறி?”

பல்லிக்குக் கேள்வி புரியவில்லை. “துண்டா?”

“ஆமா, துண்டு.”

“துண்டு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் டாக்டர். எங்களுக்குச் சத்து.”

“என்னது?”

“சாறு. சத்தெல்லாம் சாறுல இறங்கிடும்ல. சக்கையைத்தான் அவங்க சாப்பிடுவாங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சிரிக்கப்போகிறவர் மாதிரி உதடு அசைந்தது. பல்லியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

“இங்க பாரும்மா. கறியோட இரும்பு அந்தச் சதைநாருக்குள்ளேயே பிடிச்சுக்கிட்டு இருக்கும். புரதமும் அப்படித்தான். எவ்வளவு நேரம் கொதிச்சாலும் முக்கால்வாசி துண்டைவிட்டு வெளியே வராது. சாறு வீண்னு சொல்ல வரல. கொஞ்சம் வைட்டமின் அதுல கரையும். எலும்போட ஜவ்வு கரைஞ்சு பசையாகும். நீங்க போடற உப்பு அதுல இருக்கும், கொழுப்பு மேல மிதக்கும். துண்டையும் சாறையும் சேர்த்துச் சாப்பிட்டாத்தான் ஸ்டூ. நீ இத்தனை வருஷம் குடிச்சது ருசியான வெந்நீர்.”

“அப்போ சக்கை?”

“அந்தச் சக்கைதாம்மா கறி.”

பள்ளிக்கூடத்தில் பல்லியும் படித்தவள்தான். இரும்புச்சத்து மிகுந்த உணவுகள் எவை என்று கேட்டார்கள். இறைச்சி, ஈரல், கீரை என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சாறு குடித்தாள். அந்தப் பதில் பரீட்சைத் தாளிலேயே தங்கிவிட்டது. வீட்டுச் சட்டிவரை அது நடந்து வரவேயில்லை.

“உங்க அம்மாவும் சாறுதானா?” என்று கேட்டார் டாக்டரம்மா.

பல்லிக்குச் சுவரில் இருந்த கை ஞாபகம் வந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் குடையை விரிக்காமல் நடந்தாள். ஒரு வாக்கியம் அவளோடு கூடவே நடந்து வந்தது. சத்து உங்க ரெண்டு பேருக்கு, சத்து உங்க ரெண்டு பேருக்கு. டயர் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டுப் படியில் ஏறும்போதே மிளகும் இறைச்சியும் கலந்த வாசனை வந்தது. எப்போதும் அந்த வாசனைக்குப் பசி வரும். இன்றைக்குக் கோபம் வந்தது.

உள்ளே வழக்கம்போல அப்பா நாற்காலியில். அண்ணன் தரையில் சம்மணம் போட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அம்மா கரண்டியைச் சட்டியின் அடிக்கு விட்டாள்.

“அம்மா, அதைக் கொடு” என்று பல்லி கரண்டியைப் பிடித்தாள்.

“ஈரத் தலையோட வந்து நிக்கறா பாரு. போய்த் துடைச்சிட்டு வா.”

“கொடும்மா.”

இழுத்த வேகத்தில் கரண்டி அவள் கைக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதை நின்றபடியே சொன்னாள். இரும்பு, சதைநார், வெந்நீர், எதையும் விடவில்லை.

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். “அந்தம்மாவுக்கு ஸ்டூ வெக்கத் தெரியுமா?”

“தெரியாம இருக்கலாம். ரத்தம் பார்க்கத் தெரியும்.”

“எங்கப்பா எனக்குச் சொன்னது இது. அவருக்கு அவங்கப்பா. நேத்து படிச்சிட்டு வந்த பொண்ணு சொன்னா மாறிடுமா? கரண்டிய வை.”

“வைக்க மாட்டேன்.”

அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்பாவிடம் சொல்லாத வார்த்தை அது. அம்மா தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் ரொட்டியை விடாமல், “பல்லிக்கு வால் முளைச்சிடுச்சு டோய்” என்றான்.

“வெச்சிடும்மா” என்றாள் அம்மா தாழ்ந்த குரலில். “ஆம்பளைங்க சாப்பிடற நேரத்துல என்ன இது.”

பல்லி கரண்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஆனால் வாதாடி ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்பா நம்புகிறார். நம்புகிறவரிடம் டாக்டர் பேச்சு எடுபடாது. அப்பாவின் பேச்சே அப்பாவிடம் எடுபடுமே என்று அப்போதுதான் தோன்றியது.

“சரிப்பா. நீங்க சொல்றதே நிஜம். டாக்டர் சொன்னது பொய்” என்றாள். “சத்து சாறுலதான் இருக்கு.”

“அப்படி வா வழிக்கு.”

“நீங்க நாள் முழுக்க பெயிண்ட் நெடியில நிக்கறீங்க. அண்ணன் விடிஞ்சா லாரியைத் தூக்கிக்கிட்டு ஓடறான். இத்தனை வருஷம் சத்தையெல்லாம் எங்களுக்கே கொடுத்தீங்க. போதும்பா. நாங்க ரெண்டு பேரும் நல்லா குடிச்சாச்சு. இனிமே சத்து உங்களுக்கு.”

கரண்டியை மேலாக ஓட்டி, அப்பாவின் கிண்ணம் நிறையச் சாறு ஊற்றினாள். அண்ணனின் கிண்ணத்திலும் தளும்பத் தளும்ப ஊற்றினாள். ஆளுக்கு இரண்டு உருளைக்கிழங்கும் வைத்தாள்.

“ஏய், என்ன பண்றே?” என்றான் அண்ணன். ரொட்டி கையிலேயே நின்றுவிட்டது.

“சக்கையை நாங்க மென்னுக்கறோம். எங்களுக்கும் பல்லு இருக்கு.”

“அப்பா, பாருங்கப்பா இவளை.”

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஏதோ ஓர் இடத்தில் தப்பு நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் பிடிபடவில்லை. சாறு வேண்டாம் என்றால் சத்து வேண்டாம் என்று ஆகிவிடும். துண்டைக் கேட்டால் சக்கைக்கு அலைகிறவர் ஆகிவிடுவார்.

“பொம்பளைங்களுக்குச் சக்கை செரிக்காது” என்று சொல்லிப் பார்த்தார்.

“பழகிக்கறோம்.”

“உங்கம்மா உடம்பு தாங்காது. அவளுக்காவது சத்தை ஊத்து.”

“அம்மா இத்தனை வருஷம் குடிச்ச சத்து உள்ளேயேதானே இருக்கு? கொஞ்ச நாள் தாங்கும்.”

அப்பா பெருமூச்சு விட்டு, கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் குடித்தார். “ஆகா” என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. சாறு நன்றாகத்தான் இருந்தது.

பல்லி கரண்டியை அடிவரை விட்டாள். அம்மாவின் கிண்ணத்தில் மூன்று துண்டு விழுந்தது. அம்மா அதைத் திருட்டுப்பொருள் மாதிரி பார்த்தாள். பிறகு கிண்ணத்தோடு சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, யாருக்கும் முகம் காட்டாமல் மென்று சாப்பிட ஆரம்பித்தாள். பல்லி திரும்பவில்லை. அண்ணனுக்கு நேரெதிரே உட்கார்ந்து, நிதானமாக, ஒவ்வொரு துண்டையும் நார் நாராகப் பிய்த்து மென்றாள். எலும்பையும் உறிஞ்சினாள்.

“எப்படி இருக்கு சக்கை?” என்றான் அண்ணன்.

“சக்கை மாதிரி இருக்கு. உனக்குப் பிடிக்காது.”

அதற்குப் பிறகு ஸ்டூ கொதித்த நாளெல்லாம் கரண்டி பல்லியின் கையில்தான். டீ தள்ளிப்போனது. சாப்பிட்டதும் டீ வராவிட்டால் அப்பாவுக்குத் தலைவலி வருமென்று அம்மா சொன்னாள். அப்படியென்றால் அவருக்கு மட்டும் போட்டுக் கொடு என்றாள் பல்லி. அப்பாவுக்கு ஏற்கெனவே ரத்தக் கொதிப்பு உண்டு என்பதால், டாக்டரம்மாவைக் கேட்டுவந்து சட்டியில் உப்பைக் குறைத்தாள். ஸ்டூவை ஆறவைத்து, மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டுத் திரும்பச் சூடாக்கினாள். சாறு இன்னும் தெளிவாக இருக்கிறது என்று அப்பா பாராட்டினார். “இப்பத்தான் எனக்குத் தெரியுது, எதை இத்தனை நாள் தியாகம் பண்ணியிருக்கேன்னு” என்று பெயிண்ட் ஷெட்டில் சொன்னாராம். உடம்பு முறுக்கேறுகிறது என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினாராம்.

அண்ணனுக்கு எதுவும் முறுக்கேறவில்லை. நாளுக்கு நாள் அவன் முகம் தொங்கிக்கொண்டே போனது.

மழை விட்ட ஒரு மாலையில் பல்லி மொட்டைமாடியில் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட போர்வைகளை நனைத்து மூட்டையாகக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். பூச்சிகள் பறக்கவில்லை. காதில் விசில் இல்லை. மூச்சு வாங்கியது, ஆனால் அவள் வாங்கச் சொன்ன அளவுக்குத்தான் வாங்கியது. அண்ணன் படியேறி வந்து தொட்டியில் சாய்ந்து நின்றான்.

“சரி, விளையாட்டு போதும். நாளையிலேருந்து எனக்கு ரெண்டு துண்டு போடு.”

“எதுக்கு? சக்கைதானே.”

“சும்மா இரு. சக்கை இல்லைன்னு எனக்குத் தெரியாதா?”

பல்லி மூட்டையை இறக்கினாள். “என்ன சொன்னே?”

“கறியிலதான் எல்லாம் இருக்குன்னு ஸ்கூல்லயே சொல்லிக் கொடுத்தாங்களே. லாரி ஸ்டாண்டுல இதைச் சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பானுங்க.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

அண்ணன் தோளைக் குலுக்கினான். “நீயும்தான் படிச்சே. நீ ஏன் கேக்கல? கிண்ணம் நிறைய வந்துச்சு, தின்னேன். யாராவது வாயில வந்ததைத் துப்புவாங்களா?”

அவள் அவனையே பார்த்தாள். அண்ணனின் கழுத்து நல்ல தடிமனாக, சிவப்பாக இருந்தது. அந்தக் கழுத்துக்குக் கீழே எத்தனை வருஷத்துத் துண்டுகள் இறங்கியிருக்கும். அதே வருஷங்களில்தான் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் கேக்கல. அது என் தப்புதான்” என்றாள். “ஆனா அம்மா பள்ளிக்கூடம் போனதில்ல. அவ யாரைக் கேப்பா? உன்னைத்தானே கேக்கணும். நீ அவ எதிர்லயே உக்காந்து மென்னே.”

“பெரிசா பேசாதே. ரெண்டு துண்டு போடுவியா, மாட்டியா?”

“அப்பாகிட்ட போய் நீயே சொல்லு, இது சக்கை இல்லப்பா, எனக்கு முன்னாடியே தெரியும்னு. சொன்ன அன்னைக்குப் போடறேன்.”

“வேற வேலை இல்ல.”

“அப்போ சாறு குடி. சத்து அதுலதான் இருக்கு.”

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஓட ஆரம்பித்தாள். அண்ணன் வழியில் நின்றான். அவள் சுற்றிப் போகவில்லை. ஈர மூட்டை அவன் மார்பில் இடித்தது. அவன்தான் விலகினான்.

மழைக்காலம் முடிந்தது. டாக்டரம்மா விரலில் குத்தினார். காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். “பன்னெண்டைத் தாண்டிடுச்சு. மாத்திரையும் நிறுத்தாதே, சக்கையும் நிறுத்தாதே” என்றார். மைதானத்தில் குழாய்ச் சுருளோடு பல்லி ஓடினாள். பாதி வந்தது. பூச்சிகளை எதிர்பார்த்து உடம்பு தானாகக் கொஞ்சம் சுருங்கியது. பூச்சிகள் வரவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகும் அவள் நிற்காததைப் பார்த்து, “நில்லும்மா, தீ எங்கயும் பிடிக்கல” என்றார் நிலைய அதிகாரி.

அன்றைக்கு வீட்டில் ஸ்டூ. மகளுக்கு வேலை கிடைத்த சேதி கேட்ட அம்மா கையைத் துடைத்துக்கொண்டு மகளின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தையும் நறுக்கினாள். பல்லி கரண்டியை எடுக்கப் போனபோது, அம்மா எழுந்து வந்து அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். எழுந்தவள் சுவரைத் தொடவில்லை. வாசல் சுவரில் அப்பா கடைசியாகப் பூசிய நீலம் பூசியபடியே இருந்தது.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியில் இருந்தபடியே தொடையைத் தட்டினார். “நான் அப்பவே சொல்லல? சின்ன வயசுலேருந்து ஊத்தின சாறு சும்மா போகுமா? உள்ளயே இருந்து, சமயம் பார்த்து வேலை செஞ்சுடுச்சு.”

பல்லிக்குச் சிரிப்பு ஒரு பக்கமும் எரிச்சல் ஒரு பக்கமும் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள்.

“அப்படின்னா இன்னும் நல்லா குடிங்க” என்று அப்பாவின் கிண்ணத்தில் சாறு ஊற்றினாள். அண்ணன் பக்கம் திரும்பி அவனுக்கும் ஊற்றினாள்.

அண்ணனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கிண்ணத்தைத் தரையில் தள்ளி வைத்தான். “அப்பா, போதும்பா. சாறுல ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் கறியிலதான் இருக்கு. எனக்கு அது எப்பவோ தெரியும். துண்டு போடச் சொல்லுங்க.”

அப்பா குடிக்கப்போன கிண்ணத்தை இறக்கினார். “எப்பவோன்னா?”

“ஸ்கூல் படிக்கும்போதே.”

“தெரிஞ்சும் தின்னியா?”

அப்பா கிண்ணத்துக்குள் பார்த்தார். அவருடைய அப்பாவும், அந்த அப்பாவின் அப்பாவும் அந்தச் சாற்றுக்குள் ஒருவர்பின் ஒருவராக மூழ்கிப்போவதைப் பார்க்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் கண் சமையலறை வாசல் சுவருக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்றது.

“நான் நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்” என்றார் அம்மாவிடம். குரலில் பெயிண்ட் ஷெட் பெருமை எதுவும் மிச்சமில்லை.

“தெரியும்” என்றாள் அம்மா. “இத்தனை நாள் ஆகா ஆகான்னு குடிச்சீங்களே. நடிக்கிறவனால அது முடியாது.”

கரண்டியை அடிவரை விட்டாள். இரண்டு நல்ல துண்டுகளை எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் வைத்தாள். அடுத்து மகளுக்கு. அடுத்து தனக்கு. சுவர்ப் பக்கம் திரும்பாமல், எல்லோருக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எனக்கு?” என்றான் அண்ணன். “சொன்னா போடறேன்னு இவ சொன்னாளே. சொல்லிட்டேன்ல?”

“அவ சொல்லியிருப்பா” என்றாள் அம்மா, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றபடி. “இன்னைக்குக் கரண்டி என் கையில இருக்கு. உங்கப்பாவுக்குத் தெரியாது, அவர் தின்னார். உனக்குத் தெரியும். நீ இன்னும் கொஞ்ச நாள் சத்தைக் குடி.”

பல்லி தன் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் கிண்ணத்தை இழுத்துக்கொண்டான். நான்கு பேர் இருந்த அறையில் மூன்று பேர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.